எதை, எங்கே, எந்நேரத்தில் எரிக்கலாம் என்பதை ஊராட்சி எழுதி ஒட்டட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை ஏறக்குறைய முடிந்து, கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவியல்கள் தார்ப்பாய்க்கு அடியில் முறை வருவதற்காகக் காத்துக் கிடக்கும் இம்மாசி மாதத்தில், பாபநாசம், நீடாமங்கலம், மன்னார்குடிப் பகுதிகளில் மாலை வேளையில் சாலையில் செல்கிறவர்களுக்கு வயல்வெளிப் புகை புதிதன்று. வைக்கோலையும், அறுத்த பின் நிற்கும் அடித்தாளான அரிதாளையும் வயலிலேயே கொளுத்த வேண்டாம் என்னும் வேளாண்மைத் துறையின் வேண்டுகோள் இந்தப் பருவத்தில் நாளிதழ்களில் வெளியாவது வழக்கம். போகிக்கு முந்தைய நாள்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேண்டுகோள் வெளியாகிறது. தெருமுனைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் ஆண்டு முழுவதும் அன்றாடம் எரியும் குப்பையைப் பற்றி வேண்டுகோள்கூட வருவதில்லை. திறந்தவெளியில் தீ மூட்டுவது குறித்து ஒவ்வொரு ஊராட்சியும் பேரூராட்சியும் தனக்கென்று தெளிவான விதியை எழுதி, அலுவலக வாசலில் ஒட்டி, முதலில் தானே அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில், எரிபொருள் அல்லாத ஒரு பொருளை எரிப்பதால் காற்று மாசுபடும் என்று கருதினால் மாநில அரசு அதை அறிவிக்கை மூலம் தடை செய்யலாம் என்கிறது. 2016-ஆம் ஆண்டில் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவை உண்டாக்குகிறவர் அதைத் தெருவிலோ பொது இடத்திலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ கொட்டவும் எரிக்கவும் புதைக்கவும் கூடாது என்று கூறின. அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குப்பைக் கிடங்குகள் உட்பட எவ்விடத்திலும் கழிவைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று ஆணையிட்டு, சாதாரணமாக எரிப்பவருக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாக நிர்ணயித்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-ஆவது பிரிவில், குடியிருப்பவர்களின் உடல்நலத்துக்குக் கேடு வரும்படி காற்றைக் கெடுப்பவருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு 287-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் உண்டு.

இவ்வளவு இருந்தும், தன் வயலில் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ வைக்கலாமா, கூடாதா என்று ஒரு விவசாயி தெரிந்துகொள்ள விரும்பினால் யாரிடம் கேட்பது? ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் வேளாண்மை அலுவலரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே, ஆலோசனை சொல்வதுதான் எங்கள் வேலை, நடவடிக்கை எடுப்பது வருவாய்த் துறை என்கிறார்கள். காவல் நிலையத்தில் புகாரை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வயல்காரர் மீது எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு அதே மடையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு யாரும் வாழ முடியாது. ஆகவே எரிப்பவர் எரித்துக்கொண்டிருக்கிறார், புகை குடிப்பவர் சன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

குழப்பத்துக்கு ஒரு காரணம் விதிகளின் வரம்பிலேயே இருந்தது. 2016-ஆம் ஆண்டு விதிகள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகக் கொள்ளப்பட்ட ஊர்கள், யாத்திரைத் தலங்கள் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் அவை நேராகப் பொருந்தின. அவ்விரண்டுக்கும் இடையில் உள்ள சாதாரணக் கிராமங்களுக்கு அந்த விதிகள் அப்படிப் பேசவில்லை. ஆனால் இன்று கிராமத்துக் குப்பைக்கும் நகரத்துக் குப்பைக்கும் ஒரு வேறுபாடும் கிடையாது. பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.

வயல் தீயைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தெளிவற்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பயிர்க்கழிவை எரிப்பவர்களில் இரண்டு ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ளவருக்கு 2,500 ரூபாய், இரண்டு முதல் ஐந்து ஏக்கர் வரை உள்ளவருக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் உள்ளவருக்கு 15,000 ரூபாய் என்று விதித்தது, டெல்லியையும் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களையும் முன்னிட்டுத்தான். 2024 நவம்பரில் டெல்லியைச் சூழ்ந்த பகுதிகளுக்கு அத்தொகை இரட்டிப்பாக்கப்பட்டது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கிற நம் பக்கத்து விவசாயி, நமக்கும் அபராதம் போடுவார்களோ என்று பயப்படுகிறார், அல்லது நமக்கெல்லாம் அது கிடையாது என்று நிம்மதி அடைகிறார். எது சரி என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

பஞ்சாபை நம்மோடு ஒப்பிடுவதே முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே நெல் அறுத்த வயலில் இரண்டு மூன்று வாரங்களுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். வைக்கோலை அப்புறப்படுத்த நாள் போதாது. இங்கே சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகிவிட்டால், வழக்கப்படி ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்து சேரும் வரை பெரும்பாலான வயல்களில் மூன்று, நான்கு மாதங்கள் இடைவெளி இருக்கிறது. பம்புசெட் வைத்துக் கோடை நெல்லோ பருத்தியோ போடுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்த மாசி மாதத்தில் அவசரம் என்று ஒன்று கிடையாது. உண்மையான அவசரம் குறுவையை அறுத்த கையோடு தாளடி நட வேண்டிய புரட்டாசி, ஐப்பசியில்தான் வருகிறது. அப்போது மழையில் ஊறிய வைக்கோல் தீப்பிடிக்காது என்பதால் அதை வரப்பிலும் வாய்க்காலிலும் தள்ளிவிட்டு உழுகிறோம்; அது மதகில் போய் அடைத்துக்கொள்வது வேறு கதை. அவசரம் உள்ளபோது எரிக்க முடிவதில்லை, எரிக்க முடிகிறபோது அவசரம் இல்லை என்றால், சம்பா வைக்கோலை ஏன் கொளுத்துகிறோம்?

எனக்குத் தெரிந்த வரையில் காரணம் அறுவடை இயந்திரத்திலிருந்து தொடங்குகிறது. ஆள் வைத்து அறுத்த காலத்தில் கதிரை அடியோடு ஒட்ட அறுத்துக் கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வைக்கோல் வீட்டுக் கொல்லையில் போராக ஏறிவிடும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது வழக்கம். அறுப்பு முடியும்போது அவை இரண்டு இலை விட்டிருக்கும், பிறகு வயலின் ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து காய்த்துவிடும். உளுந்து முளைத்த வயலில் எவனும் தீ வைக்க மாட்டான். இப்போது பெல்ட் இயந்திரம் இறங்கி ஈர வயலில் திரும்பும்போது அந்தத் தடத்தில் முளைப்பு நசுங்கிப்போகிறது. பாதி வயல் தடமாகிவிடுகிறபோது விதைச் செலவுகூடத் திரும்பாது என்று பலர் உளுந்து தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். இயந்திரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தாளை நிற்க வைத்துவிட்டு, மென்று துப்பிய வைக்கோலைத் தன் பின்னால் வரிசை வரிசையாகப் போட்டுவிட்டுப் போகிறது. வயலில் பயிர் இல்லை, வீட்டில் மாடும் இல்லை. பிறகு தீப்பெட்டிதான்.

வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்திருக்கிறது, நல்ல வேலையும் செய்கிறது. சாலையோர வயல்களில் உருளை உருளையாகக் கட்டிப் போட்டிருப்பதையும், வெளியூர் லாரிகள் வந்து ஏற்றிச் செல்வதையும் எல்லாரும் பார்க்கிறோம். ஆனால் அந்த இயந்திரம் வருவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வைக்கோல் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். காலைப் பனி உலர்ந்த பிறகே கட்ட முடியும். தை மாதத்தில் எதிர்பாராத மழை ஒன்று பெய்துவிட்டால் வைக்கோல் கறுத்துவிடும். கறுத்த வைக்கோலை மாடு தின்னாது, வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரே வாரத்தில் சுற்று வட்டாரம் முழுவதும் அறுவடையாகும்போது கட்டும் இயந்திரம் முதலில் லாரி போகும் பாதை உள்ள வயலுக்குப் போகும். நான்கு வரப்பு தாண்டி இருக்கிற உள்வயலுக்கு அது கடைசியில் வரும், அல்லது வராது. என் பக்கத்து உள்வயல்களில் தீ வைக்கிறவர்கள் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். அவர்களிடம் சொந்த டிராக்டரும் இல்லை, காத்திருக்கப் பொறுமையும் இல்லை. அபராதம் என்று பேசத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையை முதலில் பார்க்க வேண்டும்.

எரிப்பதால் இழப்பது என்ன என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல் சத்தும் இருப்பதாக வேளாண் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சாம்பல் சத்தில் ஒரு பகுதியாவது சாம்பலில் தங்கும். தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும். யூரியா மூட்டைக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் நிற்கிற அதே மனிதர்தான் இதைக் கொளுத்துகிறார். அரிதாளை மடக்கி உழுதால் அடுத்த பயிர் வெளுத்துவிடுகிறது என்று விவசாயிகள் சொல்வது பொய்யன்று; தாளை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாகத் தாமே எடுத்துக்கொள்வதால் அப்படி நேர்கிறது. அதற்கு மாற்றாக, தாளைச் சேர்த்து முதல் சேற்றுழவு ஓட்டும்போதே எக்டருக்கு 22 கிலோ யூரியா இட வேண்டும் என்றும், இந்த வேலையை நடவுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக முடித்துவிட வேண்டும் என்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் சாகுபடிக் கையேடு கூறுகிறது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; இந்த ஒரு வரி அங்கிருந்து பத்து, இருபது கிலோமீட்டரில் உள்ள வயல்களுக்கே இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தீ வைத்தால் பூச்சி சாகும், எலி சாகும் என்பது இன்னொரு வாதம். அடித்தாளில் தங்கும் தண்டுத் துளைப்பான் புழுவைக் கோடை உழவும் ஒழிக்கும். வைக்கோல் மேல் ஓடி அணைகிற தீ, வரப்பு வளைக்குள் ஆழத்தில் இருக்கும் எலியை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதே தீ வரப்பில் ஏறினால் அங்கே முளைத்திருக்கும் பனங்கன்றுகள் கருகிப்போகின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனை மரத்தை வெட்டக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டு அறிவித்துவிட்டு, வளர்ந்து வருகிற பனையை ஆண்டுதோறும் தீக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதை என்னவென்பது?

தீ வயலோடு நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. மாசியில் காற்று திசை மாறும். வயலுக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மட்டுமே இருக்கிற எத்தனையோ தெருக்களில் இன்னும் கீற்று வேய்ந்த வீடுகளும் மாட்டுக் கொட்டகைகளும் இருக்கின்றன. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டத்தில், கூரைக்கு அருகில் தீ மூட்டுவதற்கு எழுதப்பட்ட தூர வரம்பு எந்த ஊர் அறிவிப்புப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. சாலைக்கும் இதே கதிதான். பனிக்காலத்து மாலையிலும் விடியற்காலையிலும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது புகை மேலே எழும்ப வழியின்றித் தரையோடு பரவும். பகல் பதினொரு மணிக்கு மூட்டினால் மேலேறிக் கலைந்துவிடக்கூடிய புகை, மாலை ஆறு மணிக்கு மூட்டினால் சாலையில் ஆளுயரத்தில் படிந்து எதிரே வருகிற இருசக்கர வண்டியை மறைத்துவிடுகிறது. நம் ஊரில் பெரும்பாலும் மாலையில்தான் தீ வைக்கிறார்கள். வெயில் தணிந்த பிறகு வைப்பது வசதி என்பதும், அதிகாரிகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதும் இரண்டு காரணங்கள்.

வைக்கோல் புகையாவது சில வாரங்களோடு போய்விடும். குப்பைப் புகைக்குப் பருவம் கிடையாது. எங்கள் தெருக்கோடியில் ஒரு புங்க மரத்தடியில் நாள்தோறும் கூட்டிக் குவிக்கிற குவியலை ஒரு காலை நேரத்தில் நின்று பார்த்தேன். மேலே சருகும் வாழை இலையும். அடியில் பால் கவர், மாத்திரை அட்டை, குழந்தைகளின் டயாபர், உடைந்த தெர்மாகோல், கிழிந்த செருப்பு, யாருடைய காதணி விழாவுக்கோ வைத்த பேனரின் பாதி. சருகு பற்றி எரிந்து முடிந்த பிறகு அடியில் உள்ளவை சுடர் இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருந்தன. மரத்தின் ஒரு பக்கத்துப் பட்டை ஆளுயரத்துக்குக் கருகியிருந்தது. அந்தப் பேனர் பிவிசி பூச்சுள்ள துணி. பிவிசியை இப்படித் திறந்தவெளியில் குறைந்த வெப்பத்தில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் என்னும் நச்சுச் சேர்மங்களும் உண்டாகும். டையாக்சின் எளிதில் சிதையாது. மண்ணில் படிந்து, புல்லில் ஏறி, மாட்டின் வழியாகப் பாலுக்கும் வரக்கூடியது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை செய்தது. அவை இன்னும் கடையில் கிடைக்கின்றன என்பதற்கு அந்தக் குவியலே சான்று.

இந்தத் தீயை வைப்பவர் யார் என்று கேட்டால், பல ஊர்களில் உள்ளாட்சியின் சம்பளத்தில் வேலை செய்பவர்கள் என்பதே பதில். தெருவைக் கூட்டிச் சேர்த்த இலைதழைகளை எரிக்கக் கூடாது என்று தூய்மைப் பணியாளர்களுக்கு உள்ளாட்சி அறிவுறுத்த வேண்டும் என 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே தனியாக எழுதப்பட்டிருந்தது. இதைச் சொல்வதால் நான் தூய்மைப் பணியாளர்களைக் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். தெரு எட்டு மணிக்குள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் கட்டளை; குப்பை வண்டி வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம்; வந்தாலும் பிரித்துப் போட இடம் கிடையாது. ஒரு துடைப்பத்தையும் சக்கரம் கழன்ற தள்ளுவண்டியையும் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பெண் என்ன செய்வார்? எல்லாரையும்விட அதிகமாக அந்தப் புகையைக் குடிப்பவரும் அவர்தான். அபராதச் சீட்டை அவர் பெயருக்கு எழுதுவது அநியாயம். அதை எழுத வேண்டியது அவரை அந்த நிலையில் வைத்திருக்கும் நிர்வாகத்தின் பெயருக்கு.

ஆற்றங்கரைகளில் கொட்டி வைக்கப்படும் பெருங்குவியல்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடியிலும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் குப்பைக் கிடங்குகள் நாள்கணக்கில் எரிந்ததை நாடே பார்த்தது. நம் சிற்றூர்களின் கிடங்குகள் சிறியவை என்பதால் செய்தியாவதில்லை, அவ்வளவுதான்.

இனி, இதைப் பேசத் தொடங்கினாலே எழுகிற ஓர் ஆட்சேபம். போகி கூடாது, கார்த்திகை கூடாது என்று சொல்லிப் பண்டிகைகளின் மேல் கை வைக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். என் கருத்து நேர்மாறானது. கார்த்திகையன்று கோயில் வாசலில் கொளுத்துகிற சொக்கப்பனையைப் பாருங்கள். இடம் ஒன்று, அது கோயிலுக்கு எதிரே உள்ள வெட்டவெளி. நேரம் ஒன்று, தீபம் ஏற்றிய பிறகு. எரிவது காய்ந்த பனை மரமும் பனை ஓலையும். கொளுத்துகிறவர் இன்னார் என்று ஊருக்குத் தெரியும். ஊரே சுற்றி நின்று பார்த்து, அது சாய்ந்து அணைகிற வரை எவரும் நகர்வதில்லை. திறந்தவெளித் தீக்கு இன்றைய அதிகாரிகள் எழுத வேண்டிய விதி முழுவதும் அதில் ஏற்கெனவே இருக்கிறது. இடையில் பட்டாசைச் செருகுவதை மட்டும் நிறுத்தினால் அதற்கு ஒரு தடையும் தேவையில்லை. போகியிலும் பழைய பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் வாசலில் கொளுத்திவிட்டுப் போனவரையில் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. டயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் ரெக்சின் மெத்தையும் அதில் சேர்ந்த பிறகுதான், 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி விடப்படும் அளவுக்குப் புகை மண்டியது. எனவே போகியை விட்டுவிட்டு டயரைத் தடுத்தால் போதும். சுடுகாட்டுச் சிதைகளும் செங்கல் சூளைகளும் இக்கடிதத்தின் எல்லைக்குள் வரவில்லை. சிதை மூட்டுவதற்கு டயரைப் பயன்படுத்துவதை மட்டும் அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் நினைத்தால் ஒரே நாளில் நிறுத்திவிடலாம்.

ஊராட்சி எழுத வேண்டிய விதி நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பலகையில் அடங்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர், தெர்மாகோல், பேனர், மின்கம்பி உறை, மருத்துவக் கழிவு ஆகியவற்றை எங்கேயும் எப்போதும் எவரும் எரிக்கக் கூடாது, ஊராட்சியும் எரிக்கக் கூடாது என்பது முதல் வரி. சருகும் தென்னை மட்டையும் மக்குவதற்கு ஊருக்குப் பொதுவாக ஒரு குழி எங்கே இருக்கிறது, வண்டி என்றைக்கு வரும் என்பது அடுத்தது. இதை எழுதாமல் முதல் வரியை எழுதிப் பயனில்லை. வயலைப் பொறுத்தவரை, எரிக்காதீர்கள் என்பதோடு நிறுத்தாமல், தவிர்க்கவே முடியாமல் நோய் தாக்கிய தாளையோ முள்ளையோ எரிக்க நேர்ந்தால் முதல் நாளே ஊராட்சியில் சொல்லிவிட வேண்டும், காலை பத்து மணிக்கு மேல் மாலை மூன்று மணிக்குள் எரித்து முடிக்க வேண்டும், காற்று வீசும் நாளில் கூடாது, தண்ணீரோடு ஓர் ஆள் அணையும் வரை நிற்க வேண்டும் என்று எழுத வேண்டும். கூரை வீடு, பள்ளி, அங்கன்வாடி, மின்மாற்றி, நெடுஞ்சாலை ஆகியவற்றிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்பதைத் தீயணைப்பு நிலையத்தாரைக் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்காவின் பல சிற்றூர்களில் தோட்டத்துச் சருகை எரிப்பதற்கே முன்அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. வறண்ட காற்று வீசும் நாள்களில் அந்த அனுமதியும் செல்லாது. நமக்கும் நேர வரம்பு புதிதன்று. உச்ச நீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு தீபாவளிப் பட்டாசுக்குக் காலை ஆறு முதல் ஏழு வரை, இரவு ஏழு முதல் எட்டு வரை என்று தமிழ்நாட்டில் நேரம் குறிக்கப்பட்டபோது, முழுவதும் கடைப்பிடிக்காவிட்டாலும், அந்த நேரம் இன்னதென்று சிறு பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. வயல் தீக்கு அந்த அளவாவது நடக்கட்டும்.

அபராதத்தை நான் எதிர்க்கவில்லை. அதன் வரிசையை மாற்றச் சொல்கிறேன். குப்பையை எரிப்பதற்கு முதல் அபராதம் உள்ளாட்சி நிர்வாகத்துக்கு. அடுத்தது, வண்டி வரும் ஊரிலும் பிளாஸ்டிக்கைக் கொளுத்துகிற கடைக்காரருக்கும் திருமண மண்டபத்துக்கும். இரண்டு ஏக்கர் குத்தகைக்காரர் கடைசியில் வரட்டும், அதுவும் கட்டும் இயந்திரம் அவர் வயலுக்கு வர ஏற்பாடு செய்து கொடுத்த பிறகு. வேளாண்மைப் பொறியியல் துறை உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. அறுவடை நடக்கிற ஆறு வாரங்களுக்கு மட்டும் வைக்கோல் கட்டும் இயந்திரங்களை வட்டாரத்துக்கு வட்டாரம் முறை வைத்து, உள்வயல்களுக்கு முன்னுரிமை கொடுத்து அனுப்புவது முடியாத காரியமன்று. முறைத் தண்ணீர் விடத் தெரிந்த மாவட்டத்துக்கு இந்த முறையை வகுக்கவும் தெரியும்.

சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்கும்போது ஊருக்கு ஊர் விதி எதற்கு என்று சில நண்பர்கள் கேட்டார்கள். வேதாரண்யத்தில் எரிவது வேறு, திருவையாற்றில் எரிவது வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தோப்புகளில் கொளுத்தினார்கள், திருவையாற்றுப் படுகையில் எரிவது வாழைச் சருகு, கரும்பு வெட்டிய வயலில் எரிவது சோகை என்னும் காய்ந்த கரும்பு இலை, கொள்ளிடக்கரையில் நாணல். எது எப்போது எரிகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தத் தெருவில் கூரை வீடு அதிகம் என்பது அந்தந்த ஊருக்குத்தான் தெரியும். சட்டம் தடையைச் சொல்லும். மக்குக் குழி எங்கே இருக்கிறது என்று சட்டத்தால் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். அடுத்த கூட்டம் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ஆம் நாள். வழக்கமான கூட்டப்பொருள்களோடு திறந்தவெளித் தீ பற்றிய தீர்மானம் ஒன்றையும் சேர்க்கக் கோரி எங்கள் ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்திருக்கிறேன். மற்ற ஊர்களிலும் இப்படி மனு கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டத்துக்கு முன்னதாகவே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்தெந்த ஊராட்சிகள் அத்தீர்மானத்தை நிறைவேற்றின என்பதைத் தாங்கள் மாவட்டப் பக்கத்தில் ஊர்ப் பெயரோடு வெளியிட்டால், பெயர் வராத ஊர்க்காரர்கள் மே 1-ஆம் நாள் கூட்டத்தில் அதைக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
பாபநாசம் வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.